விளக்கு எரிகிறது, அம்பு நகரவில்லை: லேப்டாப்பில் யூ.எஸ்.பி. மௌஸும் கீபோர்டும் வேலை செய்யாதபோது

மௌஸைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிகிறது. திரையில் அம்பு மட்டும் அசையமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. "லைட்டு எரியுதே, அப்ப மௌஸ் நல்லாத்தானே இருக்கு? லேப்டாப்தான் போச்சு போல" என்று சொல்லிக்கொண்டு எங்கள் தெருவில் பலர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். சிலர் அதற்கு முன்பே கடைக்குப் போய்ப் புது மௌஸ் வாங்கி, அதுவும் ஓடாமல், இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

கோளாறு எந்தப் பக்கம் என்று யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மௌஸிலா, ஒயரும் போர்ட்டும் (லேப்டாப்பில் பிளக்கைச் செருகும் வாய்) சேர்ந்த வழியிலா, லேப்டாப்புக்குள்ளேயா? இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். திருப்புளிகூட வேண்டாம். நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன். உங்களிடம் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11 என்று வைத்துக்கொள்கிறேன்.

விளக்கு சொல்வது பாதி உண்மை

சாதாரண மௌஸ் ஒயருக்குள் நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. வழக்கமான நிறக் கணக்குப்படி சிவப்பில் 5 வோல்ட் மின்சாரம் வரும், கறுப்பில் அது திரும்பிப் போகும். பச்சையும் வெள்ளையும் தகவல் போய் வருவதற்கு. விளக்கு எரிய சிவப்பும் கறுப்பும் இருந்தால் போதும். பச்சையும் வெள்ளையும் உள்ளுக்குள் அறுந்திருந்தால் விளக்கு ஜோராக எரியும், ஆனால் இப்படி ஒரு மௌஸ் வந்து உட்கார்ந்திருப்பதே லேப்டாப்புக்குத் தெரியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. யூ.எஸ்.பி. பிளக்கின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். நான்கு தங்க நிறப் பட்டைகளில் ஓரத்தில் இருக்கும் இரண்டும் நடுவில் இருக்கும் இரண்டைவிட சுமார் 1 மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். ஓரத்தில் இருப்பவை மின்சாரத்துக்கு, நடுவில் இருப்பவை தகவலுக்கு. செருகும்போது முதலில் மின்சாரம் சேரவேண்டும், பிறகுதான் பேச்சு தொடங்கவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் பிளக் முழுதாக உள்ளே போகாமல் கொஞ்சம் வெளியே நின்றாலும் விளக்கு எரியும், அம்பு நகராது. ஆகவே முதல் வைத்தியம், பிளக்கை வெளியே எடுத்து, ஐந்து விநாடி விட்டு, கடைசிவரை அழுத்திச் செருகுவது. சிரிக்காதீர்கள். லேப்டாப்புக்கு உறை போட்டவர்கள் வீட்டில் அந்த உறையின் விளிம்பே பிளக்கைத் தடுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விளக்கே எரியவில்லை என்றால் மௌஸ் செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். சில மௌஸ்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான் இருக்கும். நன்றாக ஓடும்போதும் அடியில் இருட்டாகவே தெரியும்.

கீபோர்டுக்கு கேப்ஸ் லாக்தான் சாட்சி

கீபோர்டு விஷயத்தில் இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. கேப்ஸ் லாக்கை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். அதற்கான சின்ன விளக்கு எரிகிறதா, மறுபடி அப்படியே அழுத்தினால் அணைகிறதா?

அந்த விளக்கைக் கீபோர்டு தானாகப் போடுவதில்லை. "கேப்ஸ் லாக் அழுத்தினார்கள்" என்று கீபோர்டு லேப்டாப்புக்குச் சொல்கிறது. லேப்டாப் அதைக் கேட்டு, "சரி, விளக்கைப் போடு" என்று திருப்பிச் சொல்கிறது. அதன்பிறகுதான் விளக்கு எரியும். ஆக, விளக்கு மாறிமாறி எரிந்து அணைந்தால் போன செய்தியும் சேர்ந்தது, பதிலும் வந்தது என்று அர்த்தம். ஒயர், பிளக், போர்ட், டிரைவர் (கருவியோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) நான்குமே நலம். எழுத்து விழவில்லை என்றால் காரணம் விண்டோஸ் அமைப்பிலோ, நீங்கள் திறந்து வைத்திருக்கும் மென்பொருளிலோ இருக்கிறது. அதைப் பிற்பாதியில் பார்ப்போம். கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை என்றால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, வழியைத்தான் சோதிக்கவேண்டும். கேப்ஸ் லாக்குக்கு விளக்கு இல்லாத மலிவான கீபோர்டு என்றால் நம் லாக் (Num Lock) பட்டனில் பாருங்கள்.

மூன்றாவது சாட்சி, காது. லேப்டாப்பின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள். ஏறுமுகமாக இரண்டு சுரம் கேட்டால் விண்டோஸ் எதையோ கண்டுகொண்டது. எடுக்கும்போது இறங்குமுகமாகக் கேட்கும். நீங்கள் ஒன்றையுமே தொடாதபோது இந்த இரண்டும் மாறிமாறிக் கேட்டால் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. சந்தேகம் ஒயர் மேலோ போர்ட் மேலோ போகவேண்டும்.

பிரித்துப் பார்க்கும் வேலை

முதலில் லேப்டாப்பில் செருகியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். பென்டிரைவ், பிரின்டர், ஹார்டு டிஸ்க், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப், எல்லாம். கோளாறுள்ள மௌஸையோ கீபோர்டையோ மட்டும் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். இதிலேயே சரியாகிவிட்டால் கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் மறுபடி தகராறு வருகிறதோ அதுதான் குற்றவாளி.

அடுத்து, போர்ட்டை மாற்றுங்கள். பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுவதைவிட எதிர்ப்பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றுவது நல்லது. காரணம் சொல்கிறேன். நிறைய லேப்டாப்களில் ஒரு பக்கத்துப் போர்ட்டுகள் நேராக மதர்போர்டு என்னும் முக்கியப் பலகையிலேயே இருக்கும், மறுபக்கத்தில் இருப்பவை தனியாக ஒரு சின்ன போர்டில் இருக்கும். அந்தச் சின்ன போர்டை மதர்போர்டோடு சேர்ப்பது பட்டையான ஒரு ரிப்பன் கேபிள். அது தளர்ந்தாலோ நைந்தாலோ அந்தப் பக்கம் முழுதும் ஒரேயடியாகப் படுத்துவிடும், இந்தப் பக்கம் ஜம்மென்று ஓடும்.

என் அத்தை மகனின் லேப்டாப்பில் இதுதான் நடந்தது. வலப்பக்கத்து இரண்டு போர்ட்டும் வேலை செய்யவில்லை. ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு மாற்றவேண்டும் என்று சொல்லி, லேப்டாப் விலையில் பாதியைக் கேட்டார்கள். இடப்பக்கத்துப் போர்ட் நன்றாக இருக்கிறதே என்று அவனுக்குச் சந்தேகம். வேறொருவரிடம் கொண்டுபோனான். அவர் அடிமூடியைக் கழற்றி, ரிப்பன் கேபிளை எடுத்துத் துடைத்து மறுபடி பொருத்தினார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. எந்தப் பக்கம் செத்திருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதன் பலன் இதுதான்.

எல்லாப் போர்ட்டிலும் மௌஸ் ஓடவில்லை என்றால் அதே மௌஸை வேறொரு கருவியில் செருகிப் பார்க்கவேண்டும். வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், உங்கள் ஆண்ட்ராய்டு போன் போதும். மொபைல் கடையில் ஓ.டி.ஜி. அடாப்டர் என்று கேட்டால் கட்டைவிரல் அளவில் ஒன்று தருவார்கள். அதன் வழியாக மௌஸைப் போனில் செருகினால் போன் திரையில் குட்டியாக ஓர் அம்பு தோன்றும். கீபோர்டைச் செருகினால் வாட்ஸ்ஆப்பில் தட்டச்சு செய்யலாம். சில போன்களில் மட்டும் செட்டிங்ஸில் போய் ஓ.டி.ஜி. என்பதை ஆன் செய்யவேண்டியிருக்கும். ஸ்மார்ட் டிவி இருந்தால் அதன் பின்னால் உள்ள யூ.எஸ்.பி. போர்ட்டிலும் பெரும்பாலும் இந்தச் சோதனை நடக்கும்.

போனில் ஓடி லேப்டாப்பில் ஓடவில்லை என்றால் மௌஸ் நிரபராதி. போனிலும் ஓடவில்லை, ஆனால் இரவல் வாங்கிய மௌஸ் லேப்டாப்பில் ஓடுகிறது என்றால் லேப்டாப் நிரபராதி, புது மௌஸ் வாங்கலாம். எந்த மௌஸும் எந்தப் போர்ட்டிலும் ஓடவில்லை என்றால் மட்டும் லேப்டாப்பின் உள்ளே தேடுவோம்.

ஒயரின் கழுத்தும் போர்ட்டின் நாக்கும்

ஒயர் அறுவது எப்போதும் இரண்டு இடங்களில்தான் அதிகம். ஒன்று, மௌஸின் மூக்கிலிருந்து ஒயர் வெளியே வரும் கழுத்து. இன்னொன்று, பிளக்குக்குப் பின்னால் இருக்கும் ரப்பர்க் கழுத்து. பையில் வைக்கும்போது மௌஸைச் சுற்றி ஒயரை இறுக்கிச் சுற்றுகிறோமே, அந்த மடிப்பு இந்தக் கழுத்தில்தான் விழுகிறது. மௌஸைச் செருகி வைத்துக்கொண்டு கழுத்தை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது விளக்கு மினுக்கினாலோ, அந்த இரண்டு சுரம் கேட்டாலோ உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. மலிவான மௌஸ் என்றால் ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், விட்டுவிடுங்கள். விலை கூடிய கீபோர்டு என்றால் ஒயர் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கழற்றி மாட்டும் டைப்-சி ஒயர் உள்ள கீபோர்டு என்றால் ஒயரை மட்டும் நீங்களே மாற்றிவிடலாம். ஆனால் சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் ஒயர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதில் தகவல் கம்பிகளே இருக்காது. அதை மாட்டிவிட்டு விளக்கு எரிகிறதே என்று குழம்பாதீர்கள்.

போர்ட்டைப் பார்க்க லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உள்ளே நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டும் அதன்மேல் நான்கு பட்டைகளும் தெரியும். ப்ளூ நிற நாக்கு என்றால் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3, கறுப்போ வெள்ளையோ என்றால் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 2. சில நிறுவனங்கள் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. நான்கு பட்டையும் ஒரே சீராகப் படுத்திருக்கவேண்டும். ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டோ பக்கத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டோ இருந்தால் அந்தப் போர்ட்டில் எதையும் செருகவேண்டாம். நம் ஊர் வீடுகளில் போர்ட்டுக்குள் பஞ்சும் தூசியும் மட்டுமல்ல, எறும்பும் இருக்கும். பக்கத்தில் பிஸ்கட் சாப்பிட்டவர் யார் என்று விசாரிப்பது உங்கள் வீட்டு விஷயம். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுங்கள், அல்லது கையால் அமுக்கும் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். குண்டூசி, ஹேர்பின் எதுவும் உள்ளே போகவே கூடாது.

செருகினால் பிளக் லொடலொட என்று ஆடுகிறதா? போர்ட் தேய்ந்துவிட்டது. இந்த நீள்சதுர வாய்ப் போர்ட்டுகள் குறைந்தது 1,500 முறை செருகி எடுப்பதைத் தாங்கவேண்டும் என்பது தர விதி. ஒரு நாளைக்கு இரண்டு முறை செருகி எடுத்தால் இரண்டே வருடத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் பல போர்ட்டுகள் உழைக்கத்தான் செய்கின்றன. தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய மாணவர் லேப்டாப்களில் சில இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வயதுள்ள லேப்டாப்பில் தளர்ந்த போர்ட்டைக் குறை சொல்ல முடியாது. மௌஸை ஒரே போர்ட்டில் நிரந்தரமாக விட்டுவிட்டு, பென்டிரைவ் போன்றவற்றுக்கு இன்னொரு போர்ட்டை ஒதுக்குவது தேய்மானத்தைக் குறைக்கும்.

அப்புறம், ப்ளூ போர்ட்டில் செருகினால் மௌஸ் வேகமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை உலாவுகிறது. சாதாரண மௌஸ் விநாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டே 480 மெகாபிட் வரை தாங்கும். கறுப்பு வாய்ப் போர்ட்டை மௌஸுக்குக் கொடுத்து, ப்ளூவை ஹார்டு டிஸ்க்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹப் நடுவில் இருந்தால்

இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் போர்ட்டே ஒன்றிரண்டுதான். அதனால் ஹப் வாங்குகிறோம். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று 500 மில்லிஆம்பியர் வரை தரும், யூ.எஸ்.பி. 3.0 போர்ட் 900 வரை. தனி மின்இணைப்பு இல்லாத ஹப் இந்த ஒரே படியைத்தான் எல்லோருக்கும் பங்கு போடவேண்டும். மௌஸ் சாப்பிடுவது கொஞ்சம்தான். அதே ஹப்பில் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகி அது சுழலத் தொடங்கியதும் மௌஸும் கீபோர்டும் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். ஹார்டு டிஸ்க்கை நேராக லேப்டாப்பில் செருகினால் தீர்ந்தது, அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கவேண்டும். டைப்-சி ஹப் தகராறு செய்தால் பிளக்கை எடுத்து, தலைகீழாகத் திருப்பிச் செருகிப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பின்களில் அழுக்கு ஏறியிருந்தால் ஒரு வாட்டத்தில் ஓடும், மறு வாட்டத்தில் ஓடாது. எக்ஸ்டென்ஷன் ஒயரை நீட்டி நீட்டி 3 மீட்டருக்கு மேல் கொண்டுபோவதும் மௌஸுக்கு ஆகாது.

ஒயர்லெஸ் மௌஸ் திக்கினால்

ஒயர்லெஸ் மௌஸும் யூ.எஸ்.பி.தான், ஒயருக்குப் பதில் ஒரு குட்டி ரிசீவர். பேட்டரி, அடியில் உள்ள ஸ்விட்ச் இரண்டையும் பார்த்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன். ரிசீவரைக் காணவில்லை என்றால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே ஒளிந்திருக்கும். உண்மையிலேயே தொலைந்துவிட்டால், மலிவு ரகங்களில் இன்னொரு மௌஸின் ரிசீவர் பொருந்தாது.

மௌஸ் ஓடுகிறது, ஆனால் அம்பு திக்கித் திக்கிப் போகிறது, பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ படம் காப்பி ஆகும்போது மட்டும் அதிகமாகத் திக்குகிறது என்றால் காரணம் வேறு. யூ.எஸ்.பி. 3.0 இணைப்பு வேலை செய்யும்போது அதன் ஒயரிலிருந்தும் வாயிலிருந்தும் கிளம்பும் இரைச்சல், ஒயர்லெஸ் மௌஸ்கள் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-ல் இதை அளந்து ஓர் ஆய்வறிக்கையே வெளியிட்டது. சந்தைக் கூச்சலுக்கு நடுவே காதோடு ரகசியம் பேசுகிற மாதிரிதான். ரிசீவரை ஹார்டு டிஸ்க் இருக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் ஒரு முழ நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, ரிசீவரை மௌஸுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இந்த ஒன்றில் தீர்ந்த தகராறுகள் பல. கண்ணாடி மேசையில் வைத்து ஓட்டினாலும் அம்பு குதிக்கும், அதற்கு ஒரு பழைய நோட்டு அட்டையே மருந்து.

லேப்டாப்பின் உள்ளே

எந்த மௌஸும் எந்தப் போர்ட்டிலும் ஓடவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். இங்கே முதல் வேலை ரீஸ்டார்ட். "நேத்தே ஷட் டவுன் பண்ணிட்டுத்தானே படுத்தேன்" என்பீர்கள். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. இருந்த நிலையை ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், காலையில் அதையே எடுத்து விரிக்கும். நேற்றைய குழப்பமும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்து முழுதாக அணையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும். பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்துங்கள். உள்ளே மிச்சம் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். போர்ட்டுகள் திடீரென்று எல்லாம் ஒன்றாகப் படுத்த சமயங்களில் இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அடுத்த இடம் டிவைஸ் மேனேஜர், அதாவது லேப்டாப்பில் உள்ள கருவிகளை விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் இடம். விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு எக்ஸ் தட்டுங்கள், பிறகு எம் தட்டுங்கள், திறந்துவிடும். மௌஸ் இல்லாமலே அம்புப் பட்டன்களால் மேலும் கீழும் போகலாம், ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் ரைட் கிளிக் செய்தது மாதிரி. உங்களிடம் இருப்பது மௌஸ் மட்டும், கீபோர்டு முழுதாகப் போய்விட்டது என்றால் பாஸ்வேர்டு கேட்கும் திரையில் வலது கீழ் மூலையில் உள்ள அக்ஸசிபிலிட்டி (விண்டோஸ் 10-ல் ஈஸ் ஆஃப் அக்ஸஸ்) படத்தைக் கிளிக் செய்து ஆன்-ஸ்கிரீன் கீபோர்டை வரவழைக்கலாம்.

டிவைஸ் மேனேஜரில் கடைசிப் பக்கமாக யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ் என்று ஒரு தலைப்பு இருக்கும். அதற்குக் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு "அன்நோன் யூ.எஸ்.பி. டிவைஸ்" என்று தெரிந்தால் கவனியுங்கள். எதைச் செருகினாலும் லேப்டாப் முதலில் "நீ யார்?" என்று கேட்கும். மௌஸ் தன் பெயர், தயாரிப்பு எண், தனக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதையெல்லாம் சொல்லவேண்டும். அந்த அறிமுகமே சரியாக நடக்காதபோதுதான் இந்த வாசகம் வருகிறது. கோட் 43 என்ற எண்ணும் கூட வரலாம். எனக்குத் தெரிந்து இதற்குக் காரணம் பெரும்பாலும் டிரைவர் இல்லை, நைந்த ஒயரோ அழுக்கான போர்ட்டோதான். ஆனாலும் அந்த வரியில் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, பிளக்கை எடுத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகிப் பாருங்கள். விண்டோஸ் புதிதாக அடையாளம் காணும். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டும் டச்பேடும் பெரும்பாலும் யூ.எஸ்.பி. வழியாக இணைந்திருப்பதில்லை. அதனால் இங்கே ஏதாவது தவறாகப் போனாலும் அவை உங்களைக் கைவிடாது.

மௌஸ் ஓடுகிறது, ஆனால் கொஞ்ச நேரம் தொடாமல் இருந்துவிட்டு அசைத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறதா? பேட்டரியைச் சேமிக்க விண்டோஸ் அந்தப் போர்ட்டைத் தூங்கவைத்துவிட்டது. அதே தலைப்பின் கீழ் யூ.எஸ்.பி. ரூட் ஹப் என்று இருக்கும் ஒவ்வொன்றையும் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "அலௌ த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ்" என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புது லேப்டாப்களில் இந்தப் பக்கமே இருக்காது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை டிஸேபிள் செய்வது இன்னொரு வழி. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

டிரைவர் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மௌஸுக்கும் கீபோர்டுக்கும் வேண்டிய டிரைவர் விண்டோஸோடு கூடவே வருகிறது. மௌஸ் டிரைவர் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" வகை மென்பொருள்களை இறக்கவே இறக்காதீர்கள். ஒரு தகராறைத் தீர்க்கப் போய் பத்து விளம்பரங்களை வீட்டுக்குள் அழைத்து வருவதுபோல் ஆகிவிடும். புதுப்பிக்க வேண்டியது லேப்டாப்பின் சிப்செட் டிரைவரும் பயாஸும் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) மட்டும்தான். அதையும் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள்.

கோளாறு விண்டோஸிலா, போர்ட்டிலா என்று இன்னும் சந்தேகம் இருந்தால், லேப்டாப்பை ஆன் செய்யும்போதே எஃப்2, டெலீட், எஃப்10, எஸ்கேப் போன்றவற்றில் உங்கள் மாடலுக்கு உரியதைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். அங்கே விண்டோஸே கிடையாது. அங்கே வெளிக் கீபோர்டின் அம்புப் பட்டன்கள் வேலை செய்தால் போர்ட்டும் கீபோர்டும் நலம், நோய் விண்டோஸில்தான். ஒன்றையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கெட்டுப்போனதுபோல் நடிக்கும் கீபோர்டு

கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறது, எழுத்து விழவில்லை என்றவர்களை நிறுத்தி வைத்திருந்தேன். வலது ஷிஃப்டை 8 விநாடி விடாமல் அழுத்தினால் விண்டோஸ் ஃபில்டர் கீஸ் என்ற வசதியைப் போடவா என்று கேட்கும். கை நடுங்குகிறவர்களுக்காகச் செய்த நல்ல வசதி. ஆனால் கீபோர்டின்மேல் புத்தகத்தை வைத்துவிட்டு, எதிரே வந்த கேள்வியைப் படிக்காமல் எஸ் கொடுத்துவிட்டால் வினை. அதன்பிறகு சட்டென்று தட்டும் தட்டு எதையும் விண்டோஸ் கணக்கில் எடுக்காது. ஒரு பட்டனை ஒரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் எழுத்து விழுகிறதா? அப்படியானால் இதுதான். செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி (விண்டோஸ் 10-ல் ஈஸ் ஆஃப் அக்ஸஸ்), அதில் கீபோர்டு போய் ஃபில்டர் கீஸை ஆஃப் செய்யுங்கள்.

சில சின்ன லேப்டாப்களில் யூ, ஐ, ஓ தட்டினால் 4, 5, 6 விழும். நம் லாக் (Num Lock) ஆனில் இருக்கிறது, அணையுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் வினை இன்னொன்று. பாஸ்வேர்டு சரியாகத்தான் தட்டுகிறோம், ஏற்கவே மாட்டேன் என்கிறது, கீபோர்டில் ஏதோ பட்டன் போய்விட்டது என்று வருவார்கள். தமிழ்99 போன்ற விசைப்பலகை விண்டோஸில் சேர்த்திருந்தால், பாஸ்வேர்டு திரையிலும் அதுவே உட்கார்ந்திருக்கலாம். பெட்டிக்குள் வெறும் புள்ளிகள்தானே தெரிகின்றன, தமிழ் எழுத்து போவது கண்ணுக்குத் தெரியாது. கீழே மூலையில் "தமிழ்" என்று காட்டுகிறதா பாருங்கள். விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி. 2022-ல் வந்த வென்ச்சுரா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு முதல், ஆப்பிள் சிலிக்கான் சிப் உள்ள மேக்புக்குகளில் புதிதாக எதைச் செருகினாலும் அனுமதிக்கவா என்று திரை கேட்கும். அந்தக் கேள்வியை மூடிவிட்டால் மௌஸ் ஓடாது. கழற்றிச் செருகி, இந்த முறை அலௌ கொடுங்கள்.

எப்போது கடைக்குப் போவது

போர்ட்டின்மேல் காபியோ தண்ணீரோ கொட்டியிருந்தால், செருகும்போது கருகிய வாடை வந்தால், பிளக் சுட்டால், அல்லது "பவர் சர்ஜ் ஆன் த யூ.எஸ்.பி. போர்ட்" என்ற எச்சரிக்கை ஒன்றுமே செருகாதபோதும் வந்தால், மேற்கொண்டு சோதிக்காதீர்கள். அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

கடையில் "மௌஸ் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வலப்பக்கம் இரண்டு போர்ட்டும் இல்லை, இடப்பக்கம் இருக்கிறது, இதே மௌஸ் போனில் ஓடுகிறது, பயாஸிலும் வலப்பக்கம் ஓடவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கேட்கிறவரின் குரலே மாறும். நன்றாக ஓடும் மௌஸ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். சரியாகிவிட்டது என்று லேப்டாப்பை நீட்டியதும், அங்கேயே நின்று எல்லாப் போர்ட்டிலும் ஒருமுறை செருகி, ஒயரைக் கொஞ்சம் ஆட்டியும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.